அண்டாவை இறக்கி வைத்த வருஷம்

என் பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு யாரும் குத்திக்காட்ட முடியாது பாருங்கள். திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவில், எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கரில் ஒரு மீன் குட்டை இருக்கிறது. அது செங்கல் சூளைக்குப் போகாமல் இன்றும் குட்டையாகவே இருப்பதற்குக் காரணம் நான். என் வீட்டுக்காரர் இல்லை, அவருடைய அண்ணன் இல்லை. என் தம்பிக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, அதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி நான் அந்த ஊருக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பிறந்த வீடு பள்ளிப்பட்டுப் பக்கம். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் புழங்கும். அப்பாவை நைனா என்போம். வீட்டுக்காரரின் அண்ணனைப் பாவா என்போம். தம்பி பெண்டாட்டி என்ற முறையில் அவர் என்னை மரதலு என்று சொல்ல வேண்டும். எங்கள் பாவா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ‘இந்தாம்மா’ என்பார். கோபம் வந்தால் அதுவும் கிடையாது. தம்பியைப் பார்த்து, ‘உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு’ என்பார். நான் அங்கேயே ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன்.

அந்த வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை. சமையற்கட்டு முழுக்கப் பாவாவின் மனைவி, என் ஓரகத்தி கையில். நிலம் முழுக்கப் பாவா கையில். நானோ வாயாடி. பேசாமல் இருந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

அந்த முக்கால் ஏக்கர், உப்புச் சௌடு பூத்த களிமண். நெல் போட்டால் பதர்தான் வரும். அதைத் தோண்டி மீன் விடலாம் என்று யோசனை சொன்னது என் வீட்டுக்காரர். அவர் அதிகம் பேசாதவர், ஆனால் பேசினால் யோசித்துத்தான் பேசுவார். பாவா அரைமனதாகத் தலையாட்டினார். தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் குட்டை வெட்டினோம். வெட்டிய பிறகுதான், பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போனால் குட்டையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். கரையில் நின்று எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் ‘மெதுவா பேசு’ என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்த ஒன்றுக்காகவே அந்தக் குட்டை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் குட்டைக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. முதல் போகத்தில் மழைக்காலம் முடிந்ததும் மீன் உடம்பெல்லாம் சிவப்புப் புண் வந்து, பாதிக்கு மேல் மிதந்துவிட்டது. அடுத்த போகத்தில் சாகவில்லை, வளரவும் இல்லை. பத்து மாதம் தீனி போட்டு வலையை இழுத்தால் என் விரல் நீளத்துக்கு ரோகு வருகிறது. வாங்க வந்த வியாபாரி வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘இத்த கருவாடு போட்டாக்கூட கணக்கு வராதும்மா’ என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நடுவில் இரண்டு வருஷம் மழை ஏமாற்றி, குட்டையில் ஆடு மேய்ந்தது. அதற்குப் பிறகும் ஒருமுறை குஞ்சு விட்டுப் பார்த்தோம். அதே விரல் நீளம்தான்.

குட்டையின் அடியில் கறுப்புச் சேறு. கையில் அள்ளினால் அழுகின முட்டை நாற்றம். ஏன் அப்படி நாறுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே தினமும் முகர்ந்து பார்த்தேன். ‘சேத்த மோந்து பாக்குறவ’ என்று ஊரில் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். ஒரு கார்த்திகை மாதம், சோறு சாப்பிடும்போது பாவா முடிவாகச் சொல்லிவிட்டார். வழக்கம்போல என்னிடம் இல்லை, தம்பியிடம்.

“சூளைக்காரன் மூணு வாட்டி வந்துட்டுப் போய்ட்டான். நம்ம களிமண்ணு கல்லு அறுக்க அம்சமா கீதாம். இந்த ஒரு போகம் பாக்கலாம். ஆடிக் கிருத்திகை முடிஞ்சு மறுநாளு வலைய இஸ்துப் பாரு. மீனு இல்லன்னா மண்ண அவனுக்கு வுட்டுடலாம். உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு.”

சூளைக்கு மண் விட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று தோண்டிக்கொண்டே போவார்கள். பிறகு அது குட்டையும் இல்லை, நிலமும் இல்லை. நான் திரும்பவும் அந்தச் சமையற்கட்டில் ஓரகத்திக்குப் பின்னால் நின்று வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். அந்தக் குட்டை போனால் நான் அந்த வீட்டில் யாருமே இல்லை என்று வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிட்டது.

நல்ல மழை பெய்து குட்டை நிறைந்தது. ஆந்திராவிலிருந்து ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளைக் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் கொண்டுவந்து விட்டோம். பொங்கலுக்கு என் தம்பி வந்தான். நெல்லூர்ப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் வேலை பார்க்கிறவன். கையில் பழுப்பு நிறத்தில் மாவு அடைத்த நாலு பாக்கெட்டு.

“க்கா, இது மருந்து இல்ல. நல்ல பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா உயிரோட கீது. தீனியில கலந்து போட்டா மீனு வயித்துல போய் உக்காந்துகினு துன்னத செரிக்க வைக்கும். தண்ணியில வுட்டா அடிச்சேத்தத் துன்னும். அங்க எல்லா பண்ணையிலயும் இதான் போடுறாங்கோ.”

“பூச்சியக் காசு குடுத்து வாங்கி மீனுக்குப் போடுறதா? உன் மூளைய அந்த இறாலுக்கே போட்டுட்டு வந்துட்டியாடா?”

“நீ போட்டுப் பாரு. அப்புறம் திட்டு.” பஸ் வந்துவிட்டது. மிச்சத்தைச் சொல்லாமலே ஏறிப் போய்விட்டான்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் வாயில்லாத ஜீவனுக்குப் பச்சையாக எதையும் வைக்க மாட்டோம். எருமைக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் அண்டாவில் போட்டு, களி மாதிரி கிண்டி, வேகவைத்துத்தான் வைப்போம். வேகாத தீனி வைக்கிற வீட்டை ஏளனமாகப் பேசுவோம். என் அம்மா வீட்டிலும் இதே வழக்கம். அதனால் மீனுக்கும் நான் அப்படியே செய்தேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் அண்டாவில் தளதளவென்று கொதிக்கும். கொதிக்கிறபோதே தம்பி கொடுத்த மாவை இரண்டு கை அள்ளிப் போட்டு, நன்றாக ஒரு கிண்டு கிண்டி, மூடி போட்டுத் தம் கட்டுவேன். ஆறியதும் ஓட்டை போட்ட உரச் சாக்குகளில் அடைத்து, குட்டைக்குள் நட்ட மூங்கில்களில் கட்டித் தொங்கவிடுவேன். மீன் ஓட்டைகளில் வாய் வைத்து உறிஞ்சும். எவ்வளவு சிரத்தை தெரியுமா! பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிற மாதிரி காய்ச்சினேன்.

பங்குனியில் வீச்சு வலை போட்டுப் பார்த்தேன். அதே விரல் நீளம். சாக்கை மேலே தூக்கினால் பாதித் தீனி அப்படியே இருந்தது. சேறு அதே நாற்றம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டு, பூத்துக்காரர் எழுந்து வெளியே போகிற அளவுக்குத் திட்டினேன். “டேய், சாம்பலப் பொட்டலம் கட்டிக் குடுத்து அக்காவையே ஏமாத்துறியா? என் குட்ட போவப் போவுதுடா!” ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

வந்தான். கரையோரம் அடுப்பு மூட்டி, அண்டா கொதிக்க, நான் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் அண்டாவைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

“க்கா, இன்னா செய்ற?”

“கண்ணு இல்லையா? நீ குடுத்ததத்தான் கலக்குறேன்.”

“கொதிக்கிறதுலயா?”

“பின்ன, பச்சையாவா போடுவாங்கோ? நாம இன்னா அப்பிடிப்பட்ட வூடா?”

அவன் அப்படியே கரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். கண்ணில் தண்ணீர் வருகிறது. “உயிரோட கீதுன்னு சொன்னேனேக்கா! அத்தினியும் வேக வெச்சு கொன்னுட்டியே! ரெண்டு மாசமா மீனுக்குப் பூச்சி பொணத்தப் போட்டுகினு கீற!”

கையிலிருந்த கரண்டியை அவன் மேல் வீசினேன். படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இட்லி மாவு பொங்குறதுக்கு முன்னாடி அதுல கொதிக்கிற தண்ணி ஊத்துவியா நீ?” என்றான் சிரிப்பினூடே.

அவ்வளவுதான். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டேன். இருபது வருஷமாக மாவு கரைக்கிறேன். பனிக்காலத்தில் மாவு பொங்காது என்று இதமான வெந்நீரில் கரைப்பேன், கை பொறுக்காத சூடு இருந்தால் மாவு கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் என்னளவு மாவு பதம் தெரிந்தவள் கிடையாது. தெரிந்தும், பாக்கெட்டில் வந்தது என்பதால் அதை வேறு ஏதோ என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, ஆடிக் கிருத்திகைக்கு நாலு மாதம்தான் மிச்சம் என்ற பயம் பெரிதாக இருந்தது.

அன்றைக்கே அண்டாவை இறக்கி வைத்தேன். தம்பி இரண்டு நீல நிற டிரம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு தடவை செய்தும் காட்டினான். வெல்லக் கரைசல், தவிடு, குட்டைத் தண்ணீர், அதில் பழுப்பு மாவு. இரண்டு நாள் மூடி வைத்தால் அந்த உயிர்கள் பெருகும் என்றான். பங்கு என்று சொன்னேனே, அது இதுவரைக்கும்தான். அதற்கு மேல் எல்லாம் என் கை.

கரைசல் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு அவன் ஏதோ கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்க்கச் சொன்னான். எனக்கு எதற்கு அது? புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரியாதா? டிரம் வாயை இறுக்கி மூடினால் ஒரு மாதிரி கெட்ட வாடை வந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து வீட்டுக்காரர் கொண்டுவந்த, நெசவில் தப்புப் போன லுங்கித் துணியால் வேடு கட்டினேன், சரியாகிவிட்டது. முதல் நாள் வெல்ல வாசம். இரண்டாம் நாள் நுரை கட்டி, நல்ல புளித்த மாவு வாசம். அந்த வாசம் வந்த அன்றைக்குக் காலை வெயில் ஏறியதும் இரண்டு வாளி மட்டும் குட்டையைச் சுற்றித் தெளிப்பேன். ஒரு வாளி தீனியில் பிசைவேன், பச்சையாக. முதல் தடவை பச்சைத் தீனியைச் சாக்கில் அடைத்தபோது என் அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்று கை கூசியது.

இருபது நாளில் சாக்கு காலியாக வர ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் தண்ணீர் இளம்பச்சையாயிற்று. ஒருநாள் காலை வழக்கம்போலக் குனிந்து அடிச்சேற்றை அள்ளி முகர்ந்தேன். நாற்றம் இல்லை. உழுத கொல்லையில் முதல் மழை விழுந்தால் ஒரு வாசனை வருமே, அதுதான் வந்தது. கரையில் நின்று, “ஏய், வாங்கடி, வந்து மோந்து பாருங்கடி!” என்று நாற்று நடப் போகிறவர்களைக் கூப்பிட்டேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போனார்கள். போகட்டும். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அவர்கள் இன்னும் இரண்டு பட்டப்பேர் வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனி மாதக் கடைசி. பாவா வருஷா வருஷம் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர். மாலை போட்டுவிட்டார். மாலை போட்டால் மீன் குழம்பு கொதிக்கிற தெருப்பக்கம்கூடப் போக மாட்டார். குட்டைப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. எனக்கும் அது நிம்மதி. அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. எல்லை ஓரத்து ஊர்களில் அப்போது வெல்லத்தைப் பானையில் ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சுகிற கதை அடிக்கடி காதில் விழும். நானோ மூட்டை மூட்டையாக வெல்லம் வாங்குகிறேன், கொட்டகையில் டிரம் வைத்து வேடு கட்டுகிறேன், காற்று அடித்தால் புளித்த வாடை தெருவரைக்கும் வருகிறது. யாரோ டீக்கடையில் பாவாவிடம், “இன்னாங்க, மீனு வியாபாரம் ஓடலன்னு வேற வியாபாரமா?” என்று கேட்டுவிட்டார்கள்.

அவர் மானஸ்தர். அதுவும் கழுத்தில் மாலையோடு இருக்கிறவர். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நான் வாரச் சந்தைக்குப் போயிருந்தேன். மேகம் மூடிக்கொண்டு புழுங்கிய சாயங்காலம். அவர் நேராகக் கொட்டகைக்குப் போய், டிரம் வாயில் கட்டியிருந்த வேடு துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்து, சாராய ஊறல்தான் என்று முடிவு பண்ணி, போலீசு வந்தால் குடும்ப மானம் போய்விடுமே என்று இரண்டு டிரம்மையும் உருட்டிக் கொண்டுபோய்க் குட்டையில் கவிழ்த்துவிட்டார். மூலையில் இருந்த வெல்ல மூட்டையையும் விடவில்லை.

நான் சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் சாக்கோடு கரைக்குப் போனேன். குட்டை முழுக்க வாய். கரையிலிருந்து கரைவரை, மீன்கள் எல்லாம் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு காற்றுக்குத் தவிக்கின்றன. சப் சப் என்று ஆயிரம் வாயின் சத்தம். நாலைந்து பெரிய கட்லா ஏற்கெனவே மல்லாந்துவிட்டது. கரையில் கவிழ்ந்து கிடந்த டிரம்மைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று புரிந்தது. அந்த நல்ல உயிர்களுக்கும் மூச்சு வேண்டும் என்று தம்பி செய்து காட்டிய அன்றே சொல்லியிருந்தான். இரண்டு வாளி விட வேண்டிய இடத்தில் இரண்டு டிரம் விட்டால், அதுவும் வெயில் இல்லாத நாளில், தண்ணீரில் இருக்கிற காற்றை அவையே குடித்துவிடும். மீனுக்கு மிஞ்சாது.

நான் போட்ட கூச்சலில் பாவாவும் ஓரகத்தியும் ஓடி வந்தார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரரும் நேரே வந்தார். பாவா கையில் ஒரு பை. கிணறு சுத்தம் பண்ணுகிற பிளீச்சிங் பவுடர். “இந்தாம்மா, தள்ளு. தண்ணி கெட்டுப் போச்சு. இத்தப் போட்டா சுத்தமாயிடும்” என்றார்.

நான் கரையில் அவருக்குக் குறுக்கே நின்றேன். அதுவரை அவர் முகத்தைப் பார்த்து நான் உரக்கப் பேசியதில்லை.

“கவுத்தது நீங்களா?”

“ஆங், நான்தான். மானத்தக் காப்பாத்த வேணாமா? வெல்லத்த ஊற வெச்சா அது பேரு இன்னா?”

“இட்லி மாவுங்க! மீனுக்கு ஊத்துற இட்லி மாவு! ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? இப்ப இந்தப் பவுடரப் போட்டீங்கன்னா மிச்சம் கீற உசுரும் போய்டும். பாவா, இது போச்சுன்னா எனக்கு இந்த வூட்டுல ஒண்ணுமே இல்ல. உங்களுக்குத் தெரியுமா அது?”

அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் பையைக் கீழே வைத்தார்.

“இப்ப இன்னா செய்யணும்?” என்றார்.

அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அதை நினைத்துப் பார்க்க அப்போது நேரம் இல்லை. “தண்ணியக் கலக்கணும். காத்து பூரணும். மோட்டாரப் போடுங்க.” மூன்று பேஸ் கரண்டு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. “அப்பிடின்னா கையாலதான். எறங்குங்க எல்லாரும்!”

நான் இறங்கினேன். வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குடத்தில் தண்ணீரை மொண்டு தலைக்கு மேலே தூக்கி, சிதறுகிற மாதிரி ஊற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். ஓரகத்தி புடவையைச் செருகிக்கொண்டு ஒரு குண்டானோடு வந்தாள். பாவா கரையில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை. காவி வேட்டி. தண்ணீர் முழுக்க மீன் கவிச்சி. ஒரு நிமிஷம் திருத்தணி மலை இருக்கிற திசையைப் பார்த்தார். மாலையைக் கழற்றவில்லை. அதைப் பின்பக்கம் முதுகுமேல் தள்ளிவிட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். தவிக்கிற கட்லா அவர் கையிலும் வயிற்றிலும் முட்டியது. அவர் வாளியை வீசி வீசித் தண்ணீரை இறைத்தார். நாலு பேரில் அதிகம் இறைத்தவர் அவர்தான். அதையும் நான் மறைக்கக் கூடாது.

கரண்டு வந்தது. போர்வெல் தண்ணீரை ஒரு பலகைமேல் விழவைத்துச் சிதறடித்தோம். மேகம் விலகி வெயில் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வாய்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போயின. பத்துப் பதினைந்து பெரிய மீன் செத்திருந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது. நாலு நாள் தீனி நிறுத்தினேன். பிறகு டிரம்மைக் கழுவி, மறுபடியும் வெல்லம் கரைத்தேன். இந்தத் தடவை புது வெல்ல மூட்டையைத் திருத்தணியிலிருந்து சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கியது பாவா. இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பாவா காவடி தூக்கிக்கொண்டு மலை ஏறினார். நாங்களும் பின்னால் படியேறினோம். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவேண்டியதில்லை. மறுநாள் காலை ஆந்திரப் பக்கத்து வலைக்காரர்கள் எட்டுப் பேர் வந்து பெரிய வலையை விரித்தார்கள். ஊரே கரையில் நின்றது. நாற்று நடுகிறவர்கள், டீக்கடைக்காரர், சேறு முகர்கிறவள் என்று சொன்னவர்கள் எல்லோரும். சூளைக்காரரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையோடு, கையில் அளக்கிற டேப்போடு.

வலை நெருங்க நெருங்கத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆயிற்று. முதல் கட்லா எகிறி, வலையைத் தாண்டி, ஒருத்தன் மார்பில் அடித்து அவனைச் சாய்த்துவிட்டு விழுந்தது. கரையில் ஒரே சிரிப்பு. வலைக்காரர்களில் மூத்தவர் ஒரு ரோகுவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, “மஞ்சி சேப்பலு அம்மா!” என்று கத்தினார். நல்ல மீனாம்! எனக்குத் தெரியாதா? செதில் ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. ஒரு புண் இல்லை, ஒரு கீறல் இல்லை. அப்போது கருவாட்டுக்கும் ஆகாது என்றாரே, அதே வியாபாரி, வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்து, “இன்னாம்மா போட்ட இதுக்கு?” என்று கேட்டார். “இட்லி மாவுங்க” என்றேன். நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கரை ஓரமாக நின்று சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் கலைகிற நேரம். இடுப்புவரை சேற்றோடு நான் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, அடிச்சேற்றை ஒரு கை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூளைக்காரர் பாவாவிடம் போனார். பாவா மொட்டை அடித்து, தலையில் சந்தனத்தோடு மேட்டில் நின்றிருந்தார்.

“மீனு எடுத்தாச்சில்ல, குட்ட காலிதானுங்க. பேசின மாதிரி மண்ணுக்கு நாளு பாத்துடலாமா?”

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாவா தலையில் காய்ந்த சந்தனத்தை விரலால் சுரண்டினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னார்.

“என்னை இன்னாத்துக்குக் கேக்குற? குட்ட எங்க மரதலுது. அதோ கீறா பாரு, போய் அவளக் கேளு.”

சூளைக்காரர் வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் இறங்கி, என் முன்னால் வந்து நின்றார். “இன்னாம்மா சொல்றீங்க?” என்றார்.

நான் கையிலிருந்த சேற்றை நிதானமாக ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசனை.

“தர மாட்டேன்” என்றேன்.